50 வாட்டா, 1000 வாட்டா? உயர்தர ஸ்பீக்கருக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப் பொருத்தும் கணக்கு

இங்கிலாந்தின் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனத்தின் 801 டி4 ஸ்பீக்கருக்கான விவரத்தாளில் ஒரு வரி இருக்கிறது: பரிந்துரைக்கப்படும் ஆம்ப்ளிஃபயர் திறன், 50 முதல் 1000 வாட் வரை. செருப்புக் கடைக்காரர் “6-லிருந்து 12 வரை எந்த சைஸ் எடுத்தாலும் உங்களுக்குச் சரியாக இருக்கும்” என்று சொன்னால் எப்படியோ அப்படி. பல லட்சம் கொடுத்து ஒரு ஜோடி வாங்குகிறவருக்கு இதனால் எந்த உபயோகமும் இல்லை.

அதே தாளில் இன்னொரு வரி உண்டு. இம்பீடன்ஸ் (கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) 8 ஓம், குறைந்தபட்சம் 3.0 ஓம். பெரும்பாலோர் இதைப் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். எந்த ஆம்ப் இந்த ஸ்பீக்கரைச் சுமக்கும், எது திணறும் என்பதை முடிவு செய்வது இந்த 3.0-தான். அது ஏன் என்று புரிந்துவிட்டால் வாட் பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

வாட் எங்கே பிறக்கிறது

டிரான்சிஸ்டர் ஆம்ப் செய்வது ஒரே வேலை. உள்ளே வரும் சிறிய வோல்டேஜை 20 மடங்கோ 30 மடங்கோ பெருக்கி ஸ்பீக்கர் முனைகளில் வைக்கிறது. அந்த வோல்டேஜுக்கு எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பது ஆம்ப்பின் கையில் இல்லை, ஸ்பீக்கரின் கையில் இருக்கிறது.

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். தொட்டியின் உயரம் வோல்டேஜ். குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது இம்பீடன்ஸ்: ஓம் குறையக் குறைய குழாய் அகலமாகத் திறக்கிறது என்று பொருள். ஒரு குழாய் திறந்தால் வேகமாகக் கொட்டும் தண்ணீர், கீழே நான்கு குழாயைத் திறந்ததும் நூலாக இறங்குகிறது என்றால் தொட்டியிலிருந்து வரும் பைப் சிறியது. ஆம்ப்பில் அந்தப் பைப், பவர் சப்ளையும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும்.

வோல்டேஜை அதே வோல்டேஜால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும். 28.3 வோல்ட் தரும் ஓர் ஆம்ப்பை எடுத்துக்கொண்டால்:

1. 8 ஓம் லோடில் (ஆம்ப் சுமக்கும் ஸ்பீக்கருக்கு லோடு என்று பெயர்) 100 வாட், கரண்ட் 3.5 ஆம்பியர்.
2. 4 ஓம் லோடில் 200 வாட், 7.1 ஆம்பியர்.
3. 2 ஓம் லோடில் 400 வாட், 14.1 ஆம்பியர்.

இவை சராசரி மதிப்புகள். அலையின் உச்சியில் இதைப்போல 1.4 மடங்கு, அதாவது 5, 10, 20 ஆம்பியர். வால்யூம் குமிழ் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரே ஸ்பீக்கரின் ஓம் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும், விவரம் பிறகு. பாட்டு 8 ஓம் பகுதியிலிருந்து 2 ஓம் பகுதிக்கு இறங்கும்போது ஆம்ப் நான்கு மடங்கு கரண்ட் தர வேண்டியிருக்கிறது. “100 வாட் ஆம்ப்” என்ற பெயர் இதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

எத்தனை வாட் போதும்: ஓர் அறையில் கணக்கு

இதற்கு இரண்டு சொற்கள் தேவை. டெசிபல் என்பது ஒலி அளவின் விகிதம். 3 டெசிபல் ஏற்ற வாட் இரட்டிப்பாக வேண்டும், 10 டெசிபல் ஏற்றப் பத்து மடங்கு வேண்டும். காதுக்கோ அந்தப் பத்து மடங்கு, ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகவே படும். இரண்டாவது சொல் உணர்திறன். ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. 8 ஓமில் 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். 4 ஓமில் அதுவே 2 வாட். ஆகவே “90 டெசிபல், 4 ஓம்” என்று போட்டிருந்தால், 1 வாட்டுக்கு அந்த ஸ்பீக்கர் தருவது 87 மட்டுமே. விவரத்தாள்களில் இது சகஜமான கண்கட்டு.

இப்போது 87 டெசிபல், 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, கேட்பவர் 3 மீட்டர் தள்ளி.

1. திறந்தவெளியில் 3 மீட்டருக்கு 9.5 டெசிபல் இறங்கும். அறையில் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் 6 என்று வைத்துக்கொள்வோம்.
2. இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் 3 கூடும். ஆக, ஆளுக்கு 1 வாட் கொடுத்தால் இருக்கையில் 84.
3. சராசரியாக 80 டெசிபலில் கேட்கிறோம். நல்ல கச்சேரிப் பதிவில் தவிலின் ஓர் அடி சராசரிக்கு 20 டெசிபல் மேலே பாயக்கூடும். அந்தக் கணத்துக்கு 100 டெசிபல் வேண்டும்.
4. 84-லிருந்து 100-க்கு 16 டெசிபல், அதாவது 40 வாட்.

கொஞ்சம் தாராளமாக 105 டெசிபல் உச்சம் வேண்டுமென்றால் 126 வாட். ஸ்பீக்கர் 93 டெசிபல் என்றால் இதே 105-க்கு 32 வாட் போதும். 83 டெசிபல் என்றால் 316 வாட் வேண்டும். உணர்திறனில் பத்து டெசிபல் வித்தியாசம் ஆம்ப்பின் அளவைப் பத்து மடங்கு மாற்றிவிடுகிறது. 50-க்கும் 1000-க்கும் இடையிலான அந்த அபத்தமான இடைவெளி இப்படித்தான் வருகிறது. அறையும் தூரமும் பழக்கமும் தெரியாமல் தயாரிப்பாளரால் ஒரே எண் சொல்ல முடியாது.

100 வாட்டுக்கும் 120 வாட்டுக்கும் வித்தியாசம் 0.8 டெசிபல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதற்காக அடுத்த மாடலுக்குத் தாவுவது வீண்.

பெரிய ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடுமா

ஸ்பீக்கரில் “200 வாட்” என்று போட்டிருந்தால், அதற்குமேல் ஒரு வாட் போனாலும் புகை வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆம்ப் தன் முழுத் திறனை எப்போதும் திணித்துக்கொண்டிருப்பதில்லை. குமிழ் கேட்கிற அளவுக்கே தருகிறது. உண்மையில் அதிகம் எரிவது சின்ன ஆம்ப்பில் மாட்டிய ட்வீட்டர்கள், அதாவது பெட்டிக்குள் உயர் அதிர்வெண்களை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கர்கள். போதாத ஆம்ப்பை மேலும் மேலும் திருகும்போது அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. இதுதான் கிளிப்பிங். உச்சி அதற்குமேல் ஏற வழியில்லாததால் சராசரி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. வெட்டுப்பட்ட முனைகள் புதிய உயர் அதிர்வெண்களையும் உண்டாக்குகின்றன. சில வாட்டுக்குமேல் தொடர்ந்து தாங்காத ட்வீட்டர் சுருளுக்கு இரண்டும் சேர்ந்து போய்ச் சேருகின்றன. ஸ்பீக்கரின் எண்ணைப்போல இரண்டு மடங்கு ஆம்ப், நிதானமான கை என்றால் ஆபத்தில்லை. கல்யாண மண்டபத்து மைக் செட்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

8 ஓம் என்பது பெயர், இம்பீடன்ஸ் என்பது வளைகோடு

8 ஓம் ஸ்பீக்கரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 6-ஐ ஒட்டித்தான் காட்டும். மீட்டர் அளப்பது சுருள் கம்பியின் மின்தடையை மட்டும். பாட்டு ஓடும்போது கூம்பின் அசைவு, கிராஸோவரில் (பெட்டிக்குள் அதிர்வெண்களைப் பிரித்து அனுப்பும் சுற்று) உள்ள சுருள், கெபாசிட்டர் எல்லாம் சேர்ந்து அந்த மதிப்பை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாற்றுகின்றன. 40 ஹெர்ட்ஸில் 20 ஓம், 90 ஹெர்ட்ஸில் 3.5, 2000 ஹெர்ட்ஸில் 15, திரும்ப 4 என்று மேடும் பள்ளமுமாகப் போகும் ஸ்பீக்கர்கள் ஏராளம். இந்த மாறும் மதிப்புக்குத்தான் இம்பீடன்ஸ் என்று பெயர்.

அப்படியானால் தாளில் போடும் ஒற்றை எண்ணுக்கு என்ன நியாயம்? சர்வதேசத் தர விதி ஒன்று உண்டு: எந்த அதிர்வெண்ணிலும் இம்பீடன்ஸ், போட்ட எண்ணின் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. 8 என்று போட்டால் 6.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. 801 டி4 தன் தாளிலேயே 3.0 என்று ஒப்புக்கொள்கிறது. கேஈஎஃப் நிறுவனத்தின் புகழ்பெற்ற சிறிய ஸ்பீக்கர் எல்எஸ்50-யும் 8 ஓம், குறைந்தபட்சம் 3.2 என்றுதான் போட்டது. விதிப்படி பார்த்தால் எல்எஸ்50 ஒரு 4 ஓம் ஸ்பீக்கர், அதிலும் விளிம்பில். 801 டி4 அந்த 4-க்குக்கூடத் தேறாது. குறைந்தபட்சத்தை அச்சிட்டுச் சொல்பவர்களையாவது பாராட்டலாம், பலர் அதையும் சொல்வதில்லை.

பள்ளம் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். 15,000 ஹெர்ட்ஸில் 3 ஓம் என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம், அங்கே இசையில் சக்தியே இல்லை. 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 3 ஓம் என்றால் கதை வேறு. மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் விழும் இடம் அது. தாழ்ந்த, நடு, உயர் அதிர்வெண்களுக்குத் தனித்தனி கூம்பு வைத்த பெரிய மூன்று வழி ஸ்பீக்கர்கள் பலவற்றில் பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது.

கட்டக் கோணம்: டிரான்சிஸ்டர் ஏன் வேகிறது

இந்தப் பகுதி கொஞ்சம் கணக்கு. ஆனால் விஷயத்தின் நெஞ்சு இதுதான்.

லோடு வெறும் ரெசிஸ்டராக இருந்தால் வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஸ்பீக்கரில் சுருளும் கெபாசிட்டரும் இருப்பதால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். அந்த விலகலை டிகிரியில் சொல்வதுதான் கட்டக் கோணம். அது ஆம்ப்பை எப்படிப் பதம் பார்க்கிறது என்பதை ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சப்ளை 40 வோல்ட், லோடு 4 ஓம், ஆகவே உச்சக் கரண்ட் 10 ஆம்பியர்.

1. ரெசிஸ்டர் லோடு. வெளியீடு 40 வோல்ட்டைத் தொடும்போது கரண்ட் 10 ஆம்பியர், ஆனால் டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே மிச்சம் 0 வோல்ட். சூடு இல்லை. மோசமான கணம் பாதி வழியில்: வெளியீடு 20, டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே 20, கரண்ட் 5. பெருக்கினால் 100 வாட்.
2. அதே 4 ஓம், 45 டிகிரி கோணம். வெளியீடு 0 வோல்ட்டைக் கடக்கும் கணத்தில் கரண்ட் 0 ஆகாமல் 7.07 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே முழு 40 வோல்ட். பெருக்கினால் 283 வாட்.

ஓம் மாறவில்லை, வால்யூம் மாறவில்லை, டிரான்சிஸ்டருக்குள் எரிவது மட்டும் 2.8 மடங்கு. ரெசிஸ்டர் லோடில் இதே 283 வாட் எரிய வேண்டுமென்றால் அது 1.4 ஓம் ரெசிஸ்டராக இருக்க வேண்டும். அதாவது 45 டிகிரி கோணத்தோடு வரும் 4 ஓம், வெளியீட்டு டிரான்சிஸ்டரின் பார்வையில் 1.4 ஓம். ஸ்பீக்கர்களை அளந்து எழுதுகிறவர்கள் இந்த ‘சமான’ மதிப்பைத் தனியாகக் கொடுக்கத் தொடங்கியிருப்பது இதனால்தான். வாங்கப்போகும் ஸ்பீக்கருக்கு அப்படி ஓர் அளவீடு வந்திருந்தால், அதில் மிகக் குறைந்த எண் எது என்று முதலில் பாருங்கள்.

ரிச்சி தெருவில் அசெம்பிள் செட் கட்டுபவர்கள் “சேனலுக்கு எத்தனை ஜோடி?” என்று கேட்பதன் பின்னணியும் இதே கணக்குத்தான். சேனல் என்றால் ஒரு ஸ்பீக்கருக்கான பக்கம், ஜோடி என்றால் அலையின் மேல்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை ஒன்றும் ஓட்டும் இரண்டு டிரான்சிஸ்டர்கள். அவர்கள் அதிகம் புழங்கும் 5200, 1943 என்ற எண்கள் கொண்ட ஜோடியில் ஒரு டிரான்சிஸ்டரின் தாக்குப்பிடிக்கும் அளவு 150 வாட், அதுவும் உறை 25 டிகிரியில் இருக்கும்போது. சூடேற ஏற அது இறங்கும். குறுக்கே வோல்டேஜ் அதிகமாக இருக்கும் நேரத்தில் தாங்கும் கரண்டும் குறையும். 100 வாட்டுக்கு ஒரு ஜோடி ஒப்பேற்றும். 283-க்கு இரண்டு கூட நெருக்கடிதான், மூன்று இருந்தால் நிம்மதி. பேர்பெற்ற கம்பெனி ஆம்ப்களில் சேனலுக்கு ஆறு, எட்டு ஜோடி என்று அடுக்கியிருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

ஜோடி போதாத ஆம்ப் உடனே வெடிப்பதில்லை. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, கரண்டைக் குறுக்கே வெட்டும். கேட்பவருக்கு அது கோளாறாகத் தெரியாது. “சத்தம் கூட்டினால் கொஞ்சம் கரகரப்பாக, தட்டையாக இருக்கிறது” என்று தோன்றும். பழி பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல் விழும்.

நான்கு ஸ்பீக்கர், நான்கு விதமான பசி

அமெரிக்காவின் அபோஜி நிறுவனம் 1980-களில் செய்த சின்டில்லா என்ற ரிப்பன் ஸ்பீக்கர் 1 ஓம் லோடு. மெல்லிய உலோகப் பட்டையே அதில் ஒலிக்கிறது. நீளமான கம்பிச் சுருள் இல்லாததால் அவ்வளவு குறைந்த ஓம். பல ஆம்ப்கள் அதை ஷார்ட் சர்க்யூட் என்றே எடுத்துக்கொண்டன. 1980-ல் டான் டி'அகோஸ்டினோ தொடங்கிய கிரெல் நிறுவனத்துக்குப் பேர் கிடைத்ததில் இப்படிப்பட்ட லோடுகளுக்குப் பங்கு உண்டு. ஓம் பாதியாகும்போதெல்லாம் வாட் இரட்டிப்பாகும்படி, 1 ஓம் வரை இறங்கி வேலை செய்யும் ஆம்ப்களை அவர்கள் விற்றார்கள்.

1957-ல் விற்பனைக்கு வந்த குவாட் எலெக்ட்ரோஸ்டேட்டிக் (மின்னேற்றிய மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிக்கும் பேனல் ஸ்பீக்கர்) இதற்கு நேர் எதிர். தாழ்ந்த அதிர்வெண்களில் 30 ஓமுக்கு மேல், உயர் அதிர்வெண்களில் 2 ஓம் அளவுக்கு இறங்கும். கெபாசிட்டரைப் போன்ற லோடு. ஆனால் பள்ளம், சக்தி குறைந்த உயர் அதிர்வெண் பகுதியில் விழுவதால் கரண்ட் பெரிய பிரச்சினை இல்லை. வோல்டேஜ்தான் எமன். அளவு மீறினால் பேனலுக்குள் தீப்பொறி பாய்ந்து ஓட்டை விழும். குவாடின் சொந்த 303 ஆம்ப் வெறும் 45 வாட். பழைய குவாட் ஜோடி ஒன்றைத் தேடிப்பிடித்து 300 வாட் ஆம்ப்பில் மாட்டுவது, வைத்திருக்கும் பேனலைக் கையால் கிழிப்பதற்குச் சமம்.

மேக்னெப்பான் தட்டை ஸ்பீக்கர்கள் 4 ஓம், 86 டெசிபல். ஆனால் ஏறத்தாழ ரெசிஸ்டர் போலவே நடந்துகொள்ளும், கோணம் சொற்பம். அவற்றுக்கு வாட் நிறைய வேண்டும், வீரம் வேண்டாம். நியாயமான விலையில் 4 ஓமில் 200 வாட்டுக்கு மேல் தரும் எந்த நல்ல ஆம்ப்பும் போதும்.

1946-லிருந்து வரும் கிளிப்ஷ்ஹார்ன், மூலையில் வைக்கும் ஹார்ன் ஸ்பீக்கர். தயாரிப்பாளர் சொல்லும் உணர்திறன் 105 டெசிபல். 1 வாட்டிலேயே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதற்கு ஆம்ப் தேர்வதில் பார்க்க வேண்டியது இரைச்சல். ஓர் ஆம்ப்பின் வெளியீட்டில் பாட்டில்லாதபோது 1 மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால், 2.83 வோல்ட்டோடு ஒப்பிட அது 69 டெசிபல் கீழே. 87 டெசிபல் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 18 டெசிபல், காதில் விழாது. 105 டெசிபல் ஸ்பீக்கரில் 36, இரவில் ‘உஸ்ஸ்’ என்று தெளிவாகக் கேட்கும்.

விவரத்தாளில் எதைத் தேடுவது

டூ-இன்-ஒன் காலத்தில் கைக்கடக்கமான பெட்டியில் “1000 வாட்ஸ் பிஎம்பிஓ” என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றது நினைவிருக்கும். அந்த எண்ணுக்கு எந்த வரையறையும் இருந்ததில்லை. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதுபோன்ற கூத்துகளுக்காகவே 1974-ல் ஆம்ப் திறனை அறிவிக்க விதி கொண்டுவந்தது. 2024-ல் அதை இறுக்கி, 8 ஓமில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று நிலைப்படுத்தியது. நல்லதுதான். ஆனால் 8 ஓமோடு நின்றுவிட்டதால் நம் 3 ஓம் கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஆகவே:

1. 4 ஓம் எண்ணும் 2 ஓம் எண்ணும் இருக்கிறதா? 2 ஓம் பற்றிப் பேச்சே இல்லாமல் “4 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கர்” என்று பின்பக்கம் அச்சிட்டிருந்தால், 3 ஓமுக்கு இறங்கும் ஸ்பீக்கருக்கு அது பொருந்தாது. தயாரிப்பாளரே சொல்லிவிட்டார்.
2. இரட்டிப்பாகிறதா என்ற வெறி வேண்டாம். 8 ஓமில் 100, 4 ஓமில் 160 என்றால், ‘இலட்சிய’ 200-லிருந்து குறைவது 1 டெசிபல் மட்டும். சொல்லப்போனால் 100, 200, 400 என்று அழகாகப் போகும் சில ஆம்ப்கள் உண்மையில் 8 ஓமில் 130 தரக்கூடியவை. தாள் அழகாக இருக்க 100 என்று குறைத்துப் போட்டிருப்பார்கள். 100, 110 என்று நின்றுவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். தொட்டிப் பைப் சிறியது.
3. எவ்வளவு நேரத்துக்கு? ‘தொடர்ச்சியாக’ என்ற சொல்லும், இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போது என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.
4. எடையும் ஒரு தகவல்தான், பழைய வகை டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்பில் மட்டும். எஸ்எம்பிஎஸ் (எடை குறைந்த ஸ்விட்சிங் பவர் சப்ளை) வைத்த நவீன ஆம்ப்பைத் தூக்கிப் பார்த்து எடை போடக் கூடாது.

டாம்பிங் ஃபேக்டர் என்ற மாய எண்

ஆம்ப்பின் வெளியீட்டு முனைக்கும் சொந்தமாக ஒரு சிறு இம்பீடன்ஸ் உண்டு. 8-ஐ அதால் வகுத்தால் வருவது டாம்பிங் ஃபேக்டர். 0.04 ஓம் என்றால் 200, 0.008 என்றால் 1000. “எண் பெரிதாக இருந்தால் வூஃபரைக் கெட்டியாகப் பிடிக்கும்” என்று கடையில் சொல்வார்கள். வூஃபர் என்பது தாழ்ந்த அதிர்வெண்களை ஒலிக்கும் பெரிய கூம்பு.

ஆம்ப்புக்கும் வூஃபருக்கும் நடுவே கேபிள் இருக்கிறது. வீட்டு ஏசி பாயிண்டுக்கு இழுக்கும் அதே 2.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பியை 5 மீட்டருக்குப் போட்டால், போக வர 10 மீட்டர், 0.07 ஓம். இதையெல்லாம்விடப் பெரியது வூஃபர் சுருளின் சொந்த மின்தடை, சுமார் 6 ஓம். மொத்தத்தைக் கூட்டினால் 200 எண் ஆம்ப்புக்கு 6.11 ஓம், 1000 எண் ஆம்ப்புக்கு 6.08. வித்தியாசம் அரை விழுக்காடு. 100-க்கு மேல் இந்த எண்ணை மறந்துவிடலாம்.

எண் மிகவும் தாழ்ந்தால் மட்டும் விளைவு தெரியும். வெளியீட்டில் 2 ஓம் கொண்ட ஒரு வால்வு ஆம்ப்பை, 3-க்கும் 20-க்கும் இடையே ஆடும் ஸ்பீக்கரில் மாட்டினால் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் 3.6 டெசிபல் வேறுபாடு வரும். ஸ்பீக்கரின் குரலே மாறிவிடும். 0.05 ஓம் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இதுவே 0.12 டெசிபல். கடினமான வளைகோடு கொண்ட ஸ்பீக்கருக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப்பைச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

கிளாஸ் ஏ, ஏபி, டி

கிளாஸ் என்பது வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை ஓட்டும் விதம். கிளாஸ் ஏ ஆம்ப்பில் டிரான்சிஸ்டர்கள் ஒருபோதும் அணைவதில்லை. 8 ஓமில் 50 வாட் தரும் புஷ்-புல் (ஒன்று தள்ள, மற்றது இழுக்கும் ஜோடி) கிளாஸ் ஏ-வுக்கு, பாட்டே இல்லாதபோதும் 1.77 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சப்ளை இரு பக்கமும் 35 வோல்ட் என்றால் சேனலுக்கு 124 வாட், இரண்டுக்கும் சேர்த்து 250. தினம் நான்கு மணி நேரம் கேட்டால் ஒரு யூனிட். அறைக்குள் கூடுதலாக இரண்டு ஆள் உட்கார்ந்திருக்கும் சூடு வேறு, அதை வெளியேற்ற ஏசி இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

இதில் யாரும் சொல்லாத கொக்கி ஒன்று இருக்கிறது. அந்த 1.77 ஆம்பியர் மாறாதது. லோடு 4 ஓம் ஆனால் கிளாஸ் ஏ-யில் கிடைப்பது 25 வாட், 2 ஓமில் 12.5. அதற்குமேல் அது ஏபி-யாகத்தான் ஓடும். 3 ஓம் ஸ்பீக்கருக்கு “சுத்த கிளாஸ் ஏ 50 வாட்” வாங்குகிறவர் பாதிக்கும் குறைவாகத்தான் சுத்தம் பெறுகிறார்.

ஏபி நடுவழி: சிறு சத்தத்தில் ஏ போல ஓடும், சத்தம் கூடினால் ஜோடியில் ஒன்று மாற்றி ஒன்று அணையும். சந்தையில் பெரும்பாலானவை அதுவே, நன்றாகச் செய்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கிளாஸ் டி டிரான்சிஸ்டரை முழுதாகத் திறந்தும் மூடியும் வேலை செய்கிறது. சூடு மிகக் குறைவு. தொடக்ககால கிளாஸ் டி-யில் வெளியீட்டு ஃபில்டருக்கு முன்பே பின்னூட்டம் (பிழையைத் திருத்த வெளியீட்டிலிருந்து உள்ளே திருப்பி அனுப்பும் மாதிரி) எடுத்ததால், ஸ்பீக்கர் மாறினால் உயர் அதிர்வெண் ஒலியும் மாறியது. பெல்ஜியத்துக்காரர் புரூனோ புட்ஸிஸ் பிலிப்ஸில் உருவாக்கிய யூசிடி, பிறகு ஹைப்பெக்ஸின் என்கோர், பியூரிஃபையின் ஐகன்டாக்ட் ஆகியவை ஃபில்டருக்குப் பின்னால் எடுத்து அந்தக் குறையைத் தீர்த்தன. இன்று கிளாஸ் டி-யைக் கேட்டுப் பார்க்காமல் ஒதுக்குவது பழைய நினைப்பு. 2 ஓமில் அதன் கரண்ட் எல்லை எங்கே என்று மட்டும் தாளில் பாருங்கள்.

சில்லறை விஷயங்கள், செலவு வைப்பவை

ஆம்ப்பின் வோல்டேஜ் பெருக்கம் 26 டெசிபல் என்றால் 20 மடங்கு. சிடி பிளேயரின் 2 வோல்ட் அதில் 40 ஆகும், 8 ஓமில் 200 வாட். அதற்குமேல் பெருக்கம் தேவையில்லை. உணர்திறன் மிக்க ஸ்பீக்கரில் அதிகப் பெருக்கம் இரைச்சலைத்தான் கூட்டும். ப்ரீஆம்ப் (வால்யூம் குமிழ் உள்ள முன்பெட்டி) தனியாக இருந்தால், பவர் ஆம்ப்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் ப்ரீஆம்ப்பின் வெளியீட்டைப்போல பத்து மடங்காவது இருக்கட்டும்.

பெரிய டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் ஸ்விட்ச் போடும் கணத்தில் பேயாகக் கரண்ட் இழுக்கும். கரண்டை மெதுவாக ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட் இல்லாத ஆம்ப் எம்சிபி-யைத் தட்டிவிடும். எலெக்ட்ரீஷியன் வந்து “லைன் ஷார்ட்” என்று சுவரை உடைக்கத் தொடங்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேட்டு முடிவெடுக்கும் முறை

லோடைச் சுமக்கும் தகுதி இரண்டு ஆம்ப்புக்கும் இருக்கிறது என்றால் மிச்சம் எவ்வளவு வித்தியாசம் கேட்கும்? 1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஸ்டீரியோஃபைல் இதழ்க்காரர்கள் தேர்ந்த விலையுயர்ந்த ஆம்ப் ஒன்றைப்போலத் தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்பை ஒலிக்கவைப்பதாகச் சவால் விட்டார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் அநேகமாக ஒன்றுமில்லாமல் ஆகும்வரை சுற்றை மாற்றிக்கொண்டே போனார். இதழ்க்காரர்களால் கடைசியில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆம்ப்பின் ‘குரல்’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அளந்து மாற்றக்கூடிய விஷயம் என்பதற்கு அது போதுமான சாட்சி.

ஆகவே கடையில் ஒப்பிடும்போது:

1. சத்தத்தைச் சமன் செய்யுங்கள். ஒரு டெசிபலுக்கும் குறைவாகச் சத்தம் கூடினாலே அந்த ஆம்ப் ‘திறந்த ஒலி’ தருவதாகத் தோன்றும். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளந்து, இரண்டு ஆம்ப்பிலும் 2.83 வோல்ட்டுக்கு 0.03 வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் 400 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்டும், 1000 ஹெர்ட்ஸில் அளந்து ஏமாற வேண்டாம்.
2. எது ஓடுகிறது என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றச் சொல்லுங்கள்.
3. ஸ்பீக்கரின் பள்ளம் எங்கேயோ அங்கே அடிக்கும் பாட்டைப் போடுங்கள். குரலும் வீணையும் மட்டும் கொண்ட பதிவில் எந்த ஆம்ப்பும் தேறிவிடும்.
4. அரை மணி நேரம் நீங்கள் வீட்டில் வைக்கும் உச்ச சத்தத்திலேயே ஓடட்டும். பிறகு ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) உள்ளங்கையை வையுங்கள். ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அது 60 டிகிரியை நெருங்கிவிட்டது. கிளாஸ் ஏ-யில் அது இயல்பு. ஏபி ஆம்ப் அந்த அளவுக்குச் சுட்டால், ஜோடி எத்தனை என்று கேளுங்கள். கடையின் ஏசி 24 டிகிரியில் இருக்கிறது, மே மாதத்தில் உங்கள் ஹால் 36-ல் இருக்கும்.